மௌனத்தின்மேல் கட்டிய மணவறை

பகை கொண்ட இரு குடும்பங்களில் பிறந்த இருவர் ஒருவர்மேல் ஒருவர் காதல் கொள்வது இலக்கியத்திற்குப் புதிய செய்தியன்று. வெரோனா நகரத்து ரோமியோவும் ஜூலியட்டும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகின் மேடைகளில் எல்லாம் மாண்டுகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அண்மைக் காலத்தில் அந்தப் பழங்கதைக்குப் புதிய உடை ஒன்று தைக்கப்பட்டிருக்கிறது. பகை கொண்ட குடும்பங்கள் இப்போது பிரபுக் குடும்பங்கள் அல்ல. கடத்தலையும், மிரட்டிப் பணம் பறிப்பதையும், கொலையையும் குலத்தொழிலாகக் கொண்ட மாஃபியாக் குடும்பங்கள். காதலர்கள் மாள்வதும் இல்லை. இறுதிப் பக்கத்தில் அவர்கள் பகைவர்களை வென்று, செல்வச் செழிப்போடு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருக்கிறார்கள். மாஃபியா காதல் நாவல் என்று ஆங்கிலத்தில் இதற்கெனத் தனிப் பிரிவே தோன்றிவிட்டது. அதை விரும்பிப் படிப்பவர்களில் இளம்பெண்களே மிகுதி.

இவற்றில் ஒன்றை என் கையில் கொடுத்தவள் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள். "முதல் அம்பது பக்கம் மட்டும் படிச்சுப் பாருங்க மாமா, அப்புறம் கீழே வைக்க மாட்டீங்க" என்றாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. ஆகவே, படிக்காமலே பழிக்கும் திறனாய்வாளர் வரிசையில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம் என்று வாசகர்களை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நூலின் பெயர் 'புரூட்டல் பிரின்ஸ்'. 'கொடிய இளவரசன்' என்று சொல்லலாம். சோஃபி லார்க் எழுதியது, 2020இல் வெளிவந்தது. கதை நிகழும் இடம் அமெரிக்காவின் சிகாகோ நகரம். அங்கே இத்தாலிய வழிவந்த காலோ குடும்பத்துக்கும், ஐரிஷ் வழிவந்த கிரிஃபின் குடும்பத்துக்கும் நீண்ட நாள் பகை. காலோ வீட்டின் ஒரே மகள் ஐடா. கிரிஃபின் வீட்டின் மூத்த மகன் கேலம்; நகர மன்றத் தேர்தலில் நிற்க முனைந்திருப்பவன். கிரிஃபின் மாளிகையில் நடக்கும் விருந்துக்கு அழையா விருந்தாளியாகத் தன் அண்ணன்மாரோடு நுழைகிறாள் ஐடா. அவள் செய்த குறும்பில் அவ்வீட்டு நூலக அறை தீப்பற்றிக்கொள்கிறது. தீயினும் விரைவாகப் பகை பரவுகிறது. இரு தரப்பிலும் துப்பாக்கிகள் வெளியே வரும் வேளையில் தந்தையர் இருவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: மகளையும் மகனையும் மணமுடித்து வைத்துவிடுவது. அதன்பின் வெறுப்பு எப்படிக் காதலாகக் கனிகிறது என்பதே நாவல்.

எழுதியவருக்குத் திறமை இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. ஓர் அத்தியாயத்தை ஐடா சொல்கிறாள். அடுத்ததைக் கேலம் சொல்கிறான். ஒரே நிகழ்ச்சி இரு உள்ளங்களில் எப்படி வேறுபட்டுப் பதிகிறது என்று காட்டும் இந்த முறை வாசகனை எளிதில் கட்டிப்போடுகிறது. ஒருவர் சொல்லாமல் விட்டதை மற்றவர் அறியாமலே நமக்குச் சொல்லிவிடுகிறார். அதைவிடச் சிறந்தது ஐடாவின் நாக்கு. எள்ளலும் துடுக்கும் நிறைந்த பேச்சு அவளுடையது. அவள் அழுது அடங்கும் பெண் அல்லள். கணவனையும் மாமியார் வீட்டையும் சொல்லாலேயே திணற அடிக்கிறாள். இளம்பெண்கள் ஏன் அவளை விரும்புகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே விளங்கிற்று. படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை. பெற்றோர் அதை அறிந்திருப்பது நல்லது. ஆனால் என் வழக்கு அதைப் பற்றியதன்று.

என் வழக்கு தந்தையர் இருவரும் கூடிப் பேசும் அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

திருமணத்தை ஆக்குவது எது என்று திருச்சபையைக் கேட்டால், அது ஆலயத்தையோ, மோதிரத்தையோ, மாலையையோ சுட்டிக்காட்டாது. மணமக்களின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது. எந்த மனித அதிகாரமும் அந்தச் சம்மதத்திற்கு ஈடு கொடுக்க முடியாது என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057ஆம் எண் சொல்லும் கருத்து. வெளியிலிருந்து வந்த வன்முறையாலோ பேரச்சத்தாலோ, தப்பிக்க வேறு வழியின்றிச் செய்துகொண்ட திருமணம் செல்லாது என்கிறது 1103ஆம் எண். அச்சுறுத்தியவன் வேண்டுமென்றே அச்சுறுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அங்கே இல்லை. இரு வீட்டுத் துப்பாக்கிகளுக்கு நடுவே நிற்கும் மணமக்களை இந்தச் சட்டத்தின்முன் நிறுத்திப் பாருங்கள். எத்தனை மெழுகுவத்திகள் எரிந்தாலும் அது திருமணம் ஆகாது. இவ்வகை நாவல்கள் நம்மிடமிருந்து பீடத்தை வாங்கிக்கொள்கின்றன, வெள்ளை உடையை வாங்கிக்கொள்கின்றன. சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை.

"பின்னால் காதல் வந்துவிட்டதே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறையோடு தொடங்கிய மணத்தைப் பின்னர் உளமாரப் புதுப்பிக்கும் சம்மதத்தால் செம்மைப்படுத்த முடியும் என்று அதே சட்டத் தொகுப்பு இடம் கொடுக்கிறது. பெரியவர்கள் முடித்துவைத்த மணத்தில் அன்பு பிறந்து வளர்ந்ததை நாமும் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். ஆனால் பிந்தி வந்த அன்பு முந்தி நடந்த வன்முறையை நியாயமாக்கிவிடுகிறதா? நாவல் ஆக்கிவிடுகிறது. கட்டாயப்படுத்திய தந்தையர் இறுதியில் தீர்க்கதரிசிகளாகக் காட்சியளிக்கிறார்கள். அதே வரிசையில் அடுத்த நூலில் இது இன்னும் ஒருபடி மேலே போகிறது. கேலமின் தங்கை நெசாவை வேறொரு கும்பலின் தலைவன் கடத்திச் சென்று அடைத்துவைக்கிறான். சிறைப்பட்டவளுக்கும் சிறைவைத்தவனுக்கும் இடையே காதல் மலர்கிறது.

இதைப் படித்தபோது சிசிலித் தீவில் உள்ள அல்காமோ என்ற ஊரின் நினைவு வந்தது. அங்கே பிராங்கா வியோலா என்ற உழவர் மகள் இருந்தாள். அவளுக்கு முதலில் நிச்சயம் செய்யப்பட்டிருந்தவன் மாஃபியாத் தொடர்புள்ள குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன் திருட்டுக் குற்றத்தில் சிக்கியதும் தந்தை அந்த ஏற்பாட்டை முறித்துக்கொண்டார். 1965 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், அவன் ஆயுதம் தாங்கிய கூட்டாளிகளோடு வந்து அவளைத் தூக்கிச் சென்றான். அவளுக்கு வயது பதினேழு. ஒரு வாரத்துக்குப் பின்னரே காவல்துறை அவளை மீட்டது. அந்நாளைய இத்தாலியச் சட்டத்தின் 544ஆம் பிரிவின்படி, கெடுத்தவன் அப்பெண்ணையே மணந்துகொண்டால் குற்றம் மறைந்துபோகும். ஊர் வழக்கமும் அதையே எதிர்பார்த்தது. 'பழுதுபட்ட' மானத்தைச் சீர்செய்யும் மணம் என்று அதற்குப் பெயர். பிராங்கா மறுத்தாள். தந்தை அவளுக்குத் துணை நின்றார். நீதிமன்றத்தில் அவள் வாய் திறந்தாள். அவன் 1966இல் சிறைக்குப் போனான். 1968இல் தான் விரும்பியவனை அவள் மணந்தபோது, திருத்தந்தை ஆறாம் பவுல் அந்த இளம் தம்பதியரை வரவேற்றார். அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட 1981 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சிறைவைத்தவனைக் காதலிப்பதற்கு அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாரம் இருந்தது. நாவலாசிரியர்கள் என்னை மன்னிக்கட்டும்.

அல்காமோ இருக்கும் அதே திராப்பனி மாநிலத்தில் பர்தான்னா என்ற சிற்றூர் உண்டு. அங்கே பியேரா ஐயெல்லோ என்ற பெண், பதினெட்டு வயதில், 1985 நவம்பரில், நிக்கோலா ஆத்ரியா என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மாமனார் வீத்தோ ஆத்ரியா உள்ளூர் மாஃபியாவில் செல்வாக்குள்ளவர். அந்த மணத்தை விரும்பியதும் முடித்ததும் அவரே. ஐடாவின் கதை போலவே தொடங்குகிறது அல்லவா? திருமணம் முடிந்த ஒன்பதாம் நாள் மாமனார் சுட்டுக் கொல்லப்பட்டார். தந்தையின் கொலைக்குப் பழிவாங்குவதே வாழ்க்கை என்று வளர்ந்த கணவனும் 1991 ஜூனில், மனைவியின் கண்ணெதிரே, கொல்லப்பட்டான். மடியில் மூன்று வயது மகள். இரவு வீட்டில் அரைகுறையாகக் கேட்ட பெயர்களும், பார்த்த முகங்களும் பியேராவின் நெஞ்சில் இருந்தன. விதவைக் கோலத்தில் வாய் மூடி இருப்பதே அவளிடம் எதிர்பார்க்கப்பட்டது. அவள் நீதித்துறை அதிகாரி பாவுலோ போர்செலீனோவிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னாள்.

சில மாதங்களில் அவளுடைய நாத்தி ரீத்தாவும் அவளைப் பின்தொடர்ந்தாள். வீத்தோவின் மகள், பதினேழு வயது. பதினோராம் வயதில் தந்தையை இழந்தவள், பின்னர் அண்ணனையும் இழந்தவள். தொடக்கத்தில் அவளுக்குள் எரிந்தது பழியுணர்ச்சிதான் என்று சொல்கிறார்கள். போர்செலீனோவிடம் பேசப்பேச அது நீதிவேட்கையாக மாறிற்று. அவரைத் தந்தையைப் போல நேசித்தாள். காதலன் அவளைக் கைவிட்டான். தாய் அவளை மகளே அல்லள் என்று தள்ளினாள். 1992 ஜூலை 19 அன்று பலேர்மோவில் வெடித்த குண்டு, போர்செலீனோவையும் அவருடைய மெய்க்காவலர் ஐவரையும் கொன்றது. ஒரு வாரம் கழித்து, உரோமையில் ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்த ரீத்தா, தனிமை தாளாமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அடக்கத்துக்கு வராத தாய், பின்னொரு நாள் கல்லறைக்கு வந்தாள். சுத்தியலால் மகளின் கல்லறைக் கல்லை உடைத்தாள்.

ஒரு தாயின் கை அந்தச் சுத்தியலை எப்படித் தூக்கிற்று என்று நினைத்துப் பார்த்தால்தான் மாஃபியாக் குடும்பம் என்ற சொல்லில் 'குடும்பம்' என்பதற்கு என்ன பொருள் என்று புரியும். பேசாதிருத்தலே அங்கே முதல் கற்பு. கூட்டத்தில் சேருகிறவனின் விரலைக் குத்தி, ஒரு புனிதரின் படத்தில் இரத்தத்தைச் சிந்தி, அந்தப் படத்தை அவன் உள்ளங்கையிலேயே எரித்து, காட்டிக்கொடுத்தால் நானும் இப்படியே எரிந்து போவேன் என்று ஆணையிடச் செய்வார்கள். 1980களில் தொம்மாசோ புஷெத்தா நீதிபதி பல்கோனேயிடம் சொன்னவற்றிலிருந்து இது உலகறிந்த செய்தியாயிற்று. ஆண்கள் செய்த அந்த ஆணையைப் பெண்கள் செய்யாமலே காக்க வேண்டும்.

இப்போது ஐடாவிடம் திரும்புவோம். எதைப்பற்றியும் துடுக்காகப் பேசும் அந்தப் பெண், ஒன்றைப் பற்றி மட்டும் வெளியார் எவரிடமும் வாய் திறப்பதில்லை: தன் தந்தை செய்யும் தொழில். ஆசிரியர் அதை ஒரு குறையாகக் காணவில்லை. அதை விசுவாசம் என்கிறார், குடும்பப் பாசம் என்கிறார். இவ்வகை நாவல்களில் காட்டிக்கொடுப்பவனே இழிந்தவன். கொலைகாரனுக்கு மீட்பு உண்டு. சாட்சி சொன்னவனுக்கு இல்லை. கதாநாயகன் உலகுக்கெல்லாம் புலி, மனைவிக்கு மட்டும் பூனை. அந்த ஒருத்தியின்மேல் அவன் காட்டும் மென்மையே அவன் மனமாற்றம் என்று நம்மிடம் விற்கப்படுகிறது. அவனால் மிரட்டப்பட்ட கடைக்காரனுக்கு மனைவி இருந்திருப்பாளா? அவளும் ஒரு நாவலின் நாயகியாக இருந்திருக்கக்கூடும் அல்லவா? அந்தக் கேள்விக்கு ஆறு நூல்கள் கொண்ட இந்த வரிசையில் இடமில்லை.

விவிலியத்தின் தொடக்க நூலில் இலாமேக்கு என்று ஒருவன் வருகிறான். காயினின் வழிவந்தவன். தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றதாகவும், காயினுக்காக ஏழு முறை பழி என்றால் தனக்காக எழுபத்தேழு முறை என்றும் அவன் பெருமை பேசுகிறான். யாரிடம் பேசுகிறான் என்பதை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். பகைவனிடமன்று, தன் மனைவியர் ஆதா, சில்லா இருவரிடமும். பழிவாங்குவேன் என்று மனைவியைப் பார்த்து மார்தட்டும் முதல் கணவன் அவன்தான். இந்த நாவல்களின் நாயகர்கள் எல்லாரும் அவன் பேரன்மார். ஆதாவும் சில்லாவும் என்ன மறுமொழி சொன்னார்கள் என்று விவிலியம் எழுதவில்லை. நாவலாசிரியர்கள் எழுதுகிறார்கள்: அவர்கள் உருகிப்போனார்கள் என்று.

இந்த வகைக்கெல்லாம் பாட்டன் முறையான மாரியோ பூசோவின் 'தி காட்ஃபாதர்' (1969) இவ்வளவு எளிதாக உருகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைப்பே நம் வீட்டுச் சொல்: ஞானத்தந்தை. தங்கையின் குழந்தைக்கு மைக்கேல் ஞானத்தந்தையாக நிற்கிறான். பிறகு அந்தத் தங்கையின் கணவனையே கொல்லச் செய்கிறான். உண்மையை அறிந்த மனைவி கே, வீட்டை விட்டுப் போகிறாள். டாம் ஹேகன் என்ற குடும்ப வழக்கறிஞன் அவளைத் தேடிச் சென்று, நடந்ததைப் பூடகமாகச் சொல்லித் திரும்ப அழைத்து வருகிறான்; தான் இப்படிப் பேசியது தெரிந்தால் தன் உயிரே போய்விடும் என்றும் சொல்கிறான். கே கத்தோலிக்க மறையைத் தழுவி, நாள்தோறும் மாமியாரோடு திருப்பலிக்குச் சென்று, கணவனின் ஆன்மாவுக்காக வேண்டுகிறாள். அங்கே நாவல் முடிகிறது. அந்த முடிவை ஒருகாலத்தில் பக்தி மணக்கும் முடிவாகவே படித்தேன். இப்போது அப்படிப் படிக்க முடியவில்லை. கடவுளிடம் மட்டும் பேசி, வேறு எவரிடமும் பேசாதிருக்கப் பழகிக்கொண்ட ஒரு பெண்ணின் படமாகவே அது தெரிகிறது. பூசோ அதை அறிந்தே எழுதினார் என்று நினைக்கிறேன். ஆகையால்தான் அந்த வேண்டுதல் நம்மை உறுத்துகிறது. லார்க்கின் நாவலில் உறுத்துவது ஒன்றும் இல்லை.

இந்த மௌனத்தில் நமக்கும் பங்கு இருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. பலேர்மோவின் பேராயராக இருந்த கர்தினால் ரூஃபீனி, 1964இல் எழுதிய மேய்ப்புப்பணி மடலில், மாஃபியாவைப் பற்றிய பேச்சு சிசிலியின் பெயரைக் கெடுக்கும் மிகைப்படுத்தல் என்றே கருதினார். நிலை மாற ஒரு தலைமுறை ஆயிற்று. 1993 மே 9 அன்று அக்ரிஜெந்தோவில், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கையிலிருந்த உரையை விட்டுவிட்டு, குரல் உயர்த்தி, மாஃபியாவினரை மனம் திரும்பும்படி அழைத்தார். கடவுளின் தீர்ப்பு வரும் என்று எச்சரித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, பலேர்மோவின் பிராங்காச்சோ பகுதிப் பங்குத்தந்தை பீனோ புலீசி, தம் 56ஆம் பிறந்தநாளில், தம் வீட்டு வாசலில் சுடப்பட்டார். சிறுவர்களை அந்தக் கூட்டத்தின் பிடியிலிருந்து காப்பாற்ற முயன்றதும், பங்குத் திருவிழாவுக்கு அவர்கள் கொடுத்த பணத்தை மறுத்ததும் அவர் செய்த குற்றங்கள். 2013இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார், மறைசாட்சியாக. தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. நம் பாட்டிமார் வேதசாட்சி என்பார்கள். பியேராவைப் போன்று தாம் குற்றம் செய்யாமலே அறிந்ததைச் சொன்னவர்களை இத்தாலியச் சட்டமும் நீதிக்குச் சாட்சி என்றே பெயரிட்டு அழைக்கிறது.

ஷேக்ஸ்பியருக்கு இது தெரிந்திருந்தது என்பது இந்த முறை அந்த நாடகத்தை மீண்டும் எடுத்துப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. காதலர் இருவரும் இறந்ததால் பகை ஓய்ந்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் பிணங்களைக் கண்டவுடனே தந்தையர் கைகோத்துவிடவில்லை. இடையே ஒருவர் பேசுகிறார். லாரன்ஸ் என்ற துறவி. இரகசியமாக மணமுடித்து வைத்தால் இரு குடும்பமும் ஒன்றாகும் என்று கணக்குப் போட்டவர். அந்தக் கணக்கு இரண்டு உயிர்களைக் கொண்டுபோனதைக் கண்டவர். கல்லறையில் ஜூலியட்டை விட்டுவிட்டு அச்சத்தால் ஓடியவர். அவர் இளவரசன்முன் நின்று, இரு வீட்டாரும் கேட்க, தொடக்கமுதல் முடிவுவரை நடந்தது அனைத்தையும், தன் தவற்றையும் சேர்த்து, சொல்கிறார். தவறு தன்மேல் என்றால் தன் முதிய உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறார். மேடையில் இந்தப் பேச்சு நீளம் என்று இயக்குநர்கள் பலர் வெட்டிவிடுவதுண்டு. கதை நமக்குத் தெரிந்ததுதானே என்பது அவர்கள் வாதம். நமக்குத் தெரியும், தந்தையருக்குத் தெரியாது. அவர் பேசி முடித்த பிறகுதான் அவர்களின் கைகள் நீள்கின்றன.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது இதையெல்லாம் என் தங்கை மகளிடம் இவ்வளவு நீட்டாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "ஐடா போலீஸ்ல போய்ப் பேசிட்டா கதையே இல்லையே மாமா" என்றாள். அந்த நாவல் வகையைப் பொறுத்தமட்டில் அவள் சொன்னது முற்றிலும் சரி. பிறகு, அந்த பர்தான்னாப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அவளே கேட்டாள். பியேரா ஐயெல்லோ வேறு பெயரில், வேறு ஊரில், மகளோடு மறைந்து வாழ்ந்தார். 2018இல் முகத்தை மறைத்துக்கொண்டே வாக்குக் கேட்டு இத்தாலிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன் பிறகு, இருபத்தேழு ஆண்டுகள் மறைத்துவைத்திருந்த முகத்தை வெளியே காட்டினார் என்றேன். பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.